யோகா மிஸ்

பதிவு மேசையில் தந்த அட்டையில்
என் பெயருக்கு இடம் போதவில்லை.
யோகாம்பிகையில் 'யோகா' மட்டும்
தடித்த எழுத்தில் நின்றது.
மீதி அச்சு இயந்திரத்தின் வயிற்றுக்குள்.
பரவாயில்லை என்று கழுத்தில் மாட்டினேன்.
மூன்று நாள்தானே.

நிலத்தடி நீர் பற்றிய மாநாடு.
ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தல்.
எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிய கதைக்கு
இருபது நிமிடம் என்றார்கள்,
பதினான்கில் மணி அடித்தார்கள்.
பசி நேரம். யாரைக் குறை சொல்வது?

ஏழு கறிக்கும் ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தார்கள்,
ஒன்றிலும் உறைப்பில்லை.
அநுராதபுரத்துச் சமுத்ரிகா
(அவளுடைய படங்களில் சிறுநீரகங்கள்,
என்னுடையவற்றில் தோட்டக் கிணறுகள்)
கைப்பைக்குள்ளிருந்து லுணுமிரிஸ் போத்தலை எடுத்து
மேசைக்குக் கீழால் நீட்டினாள்.
மணம் பிடித்துத் திரும்பினார்
ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர்.
அவருக்கும் கொஞ்சம் வைத்தோம்.
அழுதார். இன்னும் கேட்டார்.

இரண்டாம் நாள், குழு விவாதம் என்று போட்டிருந்த நேரத்தில்
நாங்கள் பேரை வாவியில்
அன்னப் படகு மிதித்துக்கொண்டிருந்தோம்.
அவளுடைய தமிழும் என் சிங்களமும்
ஒரே வகுப்பில் தோற்றவை.
தண்ணீரின் பச்சையைக் காட்டி
'பாசி' என்றேன். 'பொஸ்பேற்று' என்றாள்.
பக்கத்து அன்னத்திலிருந்த காதல் சோடி
கழுத்தைத் திருப்பிக்கொண்டு அப்பால் போனது.

ஓட்டோக்கார நவ்பர்
கண்ணாடியில் என் அட்டையை வாசித்தார்.
'யோகா மிஸ்ஸா? அல்லாஹ்தான் அனுப்பினான்.
பன்னெண்டு மணித்தியாலம் இந்த சீட்ல குந்தி
முதுகு செத்துப் போச்சு.'
இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.
கொம்பனித்தெருக் கடவையில் ரயில் வந்து
என் சொல்லை விழுங்கிக்கொண்டு போனது.

அங்கேயே ஒரு மலாய்க் கடையில்
பிட்டும் பாபத்தும் வாங்கித் தந்தார்.
குடல் கறி. முதல் வாய்க்கு யோசித்தேன்,
மூன்றாம் வாய்க்குக் குழம்பு கேட்டேன்.
பிறகு சம்மாங்கோட்டுப் பள்ளி.
சிவப்பும் வெள்ளையுமாய்
யாரோ ஒரு குழந்தை அடுக்கி வைத்ததுபோல்.

கொட்டாஞ்சேனையால் சுற்றிப் போகையில்
அந்த லொட்ஜ் வந்தது.
கீழே இப்போது கைத்தொலைபேசிக் கடை.
பதினேழு வருடத்துக்கு முன்
ஒரு நேர்முகத் தேர்வுக்காக
இரண்டாம் மாடியில் ஒன்பது இரவு இருந்தேன்.
பொலிஸ் பதிவுப் படிவத்தில்
தகப்பன் பெயர், வந்த காரணம், போகும் திகதி.
என் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார்கள்.
அன்று ஓர் எழுத்தும் குறையவில்லை.

'என்ன பார்க்கிறாய்?' என்றாள் சமுத்ரிகா.
'போன் விலை.'
அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு ஓட்டோவை நிறுத்தி
மூன்று பலூடா வாங்கினாள்.

காலிமுகத்திடலில் காற்று
சேலையையும் பட்டங்களையும் ஒன்றாகவே நடத்தியது.
இஸ்ஸோ வடையின் மேல்
இறால் மீசையோடு படுத்திருந்தது.
எதிரே, கடலைத் தூர்த்து எழுப்பிய நகரம்.
அடியில் உவர் எதுவரை ஏறியிருக்கும் என்று
மனம் கணக்குப் போட,
வடை ஆறிப் போனது.

நவ்பர் கிட்ட வந்து நின்றார்.
'மிஸ், அந்த முதுகு…'

உண்மையைச் சொல்லியிருக்கலாம்.
நாளுக்கு முப்பது கிணற்றில் மாதிரி அள்ளியபின்
நான் செய்கிற ஒன்றைச் சொன்னேன்:
இடுப்பில் இரு கையும் ஊன்றி,
வானம் முழுதும் தெரியும்வரை பின்னால் வளைவது.
மூவரும் கடலுக்கு முகம் கொடுத்து வளைந்தோம்.
கடலை விற்கும் பையன் பார்த்துவிட்டு
அவனும் வளைந்தான்.

'கொஞ்சம் லேசா ஈக்கி மிஸ். இதுக்குப் பேர் என்ன?'

நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
சமுத்ரிகா இன்னும் நிமிரவில்லை.
தலைகீழாய்த் தொங்கும் தாமரைக் கோபுரத்தையும்
அதற்கு மேலே மின்விளக்கேற்றும் கொழும்பையும் பார்த்தபடி
'இப்பதான் சரியா நிக்குது' என்றாள்.