யானைக்கல்லில் நின்ற கப்பல்

கடலை ஒருமுறைதான் பார்த்திருந்தார் சேஷாராம்.
மண்டபத்தில் படகேறி வாந்தியெடுத்து
அடுத்த பஸ்சில் திரும்பியவர்
இசைத்தட்டுக் கடையைக் கப்பலாகக் கட்டினார்.

வட்ட ஜன்னல் எட்டு. தகரத்தில் புகைபோக்கி.
படிக்குப் பதில் சாய்பலகை;
செருப்பைக் கரையில் விட்டுத்தான் ஏற வேண்டும்.
பாட்டுக் கேட்கும் அறைக்குக் கேபின் என்று பேர்.
மூன்றாவது கேபினில் காதலர்கள் அதிகம் என்பதால்
அதற்கு மட்டும் கதவு கிடையாது.

நான் அங்கே மாலுமி. மாதம் நாற்பத்தைந்து ரூபாய்,
வெள்ளைத் தொப்பி இனாம்.
தட்டுகளைத் துறைமுகவாரியாக அடுக்குவேன்:
சோகமெல்லாம் தனுஷ்கோடி,
நாதஸ்வரம் நாகப்பட்டினம்,
இங்கிலீஷ் எதுவானாலும் கொழும்பு.
கீறல் விழுந்தவை அடித்தளத்தில், பாதி விலை.

ராத்திரி கணக்கெழுதும்போது
பேரேட்டில் காற்றையும் எழுதச் சொல்வார்.
"காற்று இல்லை. விற்பனை இரண்டு.
ஊசி ஒன்று தேய்ந்தது."

கேசட் வந்த வருஷம் கடன்காரர்களும் வந்தார்கள்.
"கப்பல் நடுக்கடலில் இருக்கிறது, அப்புறம் வாங்க"
என்று ஜன்னல் வழியே நான்தான் சொன்னேன்.
மொக்கைச்சாமி சிரித்தார்;
வட்டியைக் குறைக்கவில்லை.

அந்த ஐப்பசியில் வைகை பெருகி
வெங்காய மூட்டைகளை உருட்டிக்கொண்டு
சாய்பலகைக்கே வந்துவிட்டது.
தட்டுகளைத் தலையில் சுமந்து மேலே ஏற்றினோம்.
அவர் மட்டும்
பழைய மில்லில் வாங்கி ஒருநாளும் ஊதாத சங்கை
ஊதிக்கொண்டே இருந்தார்.

அன்றைய பேரேடு அவர் கையெழுத்தில்:
"தண்ணீர் முழங்காலளவு. விற்பனை இல்லை.
கப்பல் அசைந்தது."

இப்போது அங்கே பரோட்டாக் கடை.
வட்ட ஜன்னல் வழியே பார்சல் தருகிறார்கள்.
நேற்றும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்ற
"செருப்போடவே வாங்கண்ணே" என்றான் பையன்,
சால்னாவை முடிச்சுப் போட்டபடி.