விடுதலைப் பத்திரம்

பல்லடத்துக் காற்றுக்கு
ஈரம் என்றால் ஆகாது.
ஆடி பிறந்தால் மேற்கிலிருந்து வந்து
பொம்மையின் ஒரு தோளை மட்டும் உலர்த்திவிட்டுப் போகும்.
மறு தோள் அழுத மாதிரி இருக்கும்.
திருப்பூரில் கிலோ கணக்கில் வாங்கிய
பனியன் வேஸ்ட்டை நனைத்துப் போர்த்துவேன்,
காய்ச்சல்காரிக்குப் போர்த்துவது போல.

உட்கார்ந்திருக்கும் பெண் அவள்.
சக்கரம் கிடையாது.
திரி திரியாக உருட்டி
வளையம் மேல் வளையம் ஏற்றி
இடுப்பு, விலா, கழுத்து.
மூன்று முறை கலைத்தேன்.
மூன்று முறையும் முகம் சாதுவாக வந்தது.
எனக்கு அது வேண்டாம்.
நான்காம் முறை முகத்தை விட்டுவிட்டுக்
கையைப் பிடித்தேன்.
இடது கட்டைவிரல் மட்டும்
பெரிதாகிக்கொண்டே இருந்தது.
வழிக்க வழிக்க
மண் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

காங்கயம் பதிவு ஆபீசில்
அந்த விரலைத்தான் பிடித்து மையில் உருட்டினார்கள்.
"ஒரு கையெழுத்துத்தானே சாமி" என்றார் சென்னியண்ணன்.
நாலு ஏக்கர், கிணறு, தென்னை அறுபது
என்று ஒருவர் வாசித்துக்கொண்டே போனார்.
தாளின் தலைப்பில் விடுதலை என்றிருந்தது.
யாருக்குங்க என்று கேட்டேன்.
"மை காயட்டும், தாளைத் தொடாதீங்க" என்றார்.
அன்று மத்தியானம் அண்ணன் வாங்கிக் கொடுத்த
பிரியாணியை முழுசாகத் தின்றேன்.
அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"உள்ளே காத்துப் போக வழி வெச்சீங்களா?"
சௌரிபாளையத்தில் மின்சூளை வைத்திருக்கும் ஜோஸ்பின்
அவளைக் கவிழ்த்துப் பார்த்துக் கேட்டாள்.
தலை, மார்பு, வயிறு
எல்லாம் குடைந்துதான் இருந்தது.
விரலை மட்டும் கெட்டியாக விட்டிருந்தேன்.
தெரிந்தேதான்.

மூன்றாம் நாள் போன் வந்தது.
"ஆளுக்கு ஒண்ணுமில்லீங்க.
வெரல்தான் வெடிச்சுப் போச்சு."
துண்டுகளைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

தை மாதம் அண்ணன் பத்திரிகை வைக்க வந்தார்.
டிவிக்குப் பக்கத்தில் இருந்தவளை எடுத்து
மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நீயா கண்ணு செஞ்சே?"
மொட்டைக் கையைக் கொஞ்ச நேரம் தடவினார்.
"பெவிகுயிக் இருந்தாக் கொண்டா,
ஒட்டிரலாம்."

சொல்வதற்கென்று வைத்திருந்தது அத்தனையும்
தொண்டை வரைக்கும் வளையம் வளையமாக
ஏறி நின்றது.
காப்பிக்குச் சக்கரை எத்தனை போடட்டுங்கண்ணா
என்றேன்.

அவருக்குச் சக்கரை வந்து
நாலு வருசம் ஆகிறதாம்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.