மாலை ஐந்து முதல் ஏழு வரை

என் ஆம்ப்ளிஃபயர் தமிழ்நாட்டில் இருந்தது.
குழாய் கட்டிய தென்னை கேரளத்தில்.
நடுவே ரோடு, ரோட்டோரம் மீன் சந்தை.
சாளையை இந்தப் பக்கம் வாங்கி
சில்லறையை அந்தப் பக்கம் எண்ணிப் பார்க்கும் ஊர்
பனச்சமூடு.

அனுமதிச் சீட்டில் இருந்தது:
மாலை ஐந்து முதல் ஏழு வரை. குழாய் ஒன்று.
பேசப்போவதை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும்.
லில்லிபாய் எழுதித் தந்தாள்:
'பாறையைப் பற்றி.'
முழுசா எழுதணும் என்றார் ஏட்டு.
'பாறை முழுசா இருந்தா எழுதியிருப்பேன் சாரே,
பாதிய லாரியில கொண்டு போயாச்சே.'

ஆறு மணிக்குக் குவாரியின் பெயரைச் சொன்னாள்.
ஆறு மூன்றுக்கு முதலாளியின் பெயரை.
ஆறு ஐந்துக்கு,
வெடி வைத்த மத்தியானம்
ஓடு பெயர்ந்து விழுந்த தொட்டிலை.
அதற்குமேல் சந்தையில் யாரும் விலை கேட்கவில்லை.

இரண்டு ஜீப் வந்தன.
வாய் எங்க லிமிட் என்றார் இங்கத்தெ இன்ஸ்பெக்டர்.
காது ஞங்ஙளுடேதாணு என்றார் அங்கத்தெ எஸ்.ஐ.
குற்றம் எங்கே நடந்தது,
சொன்ன இடத்திலா கேட்ட இடத்திலா என்று
இருவரும் என் மேஜையில் கையூன்றி யோசித்தார்கள்.
பேச்சு எல்லாருக்கும் உண்டு என்றுதான்
சட்டத்தில் எழுதியிருக்கிறதாம்;
பக்கத்திலேயே ஓர் 'ஆனால்' உட்கார்ந்திருக்கிறது,
கல்யாணப் பந்தல் வாசலில்
மொய் எழுதுகிறவன் மாதிரி
நோட்டும் பேனாவுமாக.

நான் சுவிட்சை அணைத்தேன்.
யாரும் சொல்லவில்லை.
யாரும் என்மேல் கை வைக்கவுமில்லை.
பெட்டி கடனில் வாங்கியது, இன்னும் பதினொரு தவணை.
அவள் வாய் மட்டும் கொஞ்சநேரம் அசைந்தது.
பிறகு, 'தாசையா, பியூஸ் போச்சா பாரு' என்றாள்.
மைக் இல்லாமலே எனக்கு அது நன்றாகக் கேட்டது.

அடுத்த வியாழன் குவாரிக்காரன் ஆட்கள் வந்தார்கள்.
கேட்டதற்கு மேல் முன்பணம்.
அவளைப் பற்றி என்ன பேசப்போகிறார்கள் என்று
மீன் வெட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.
செட் ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சாளைப் பொதியோடு கடைவாசலில் அவள்.
'குடு அவங்களுக்கு.'
'நாக்கு கூசாம பேசுவானுவ, பிள்ளே.'
'பேசட்டும். பதில் சொல்லணும்னா
மொதல்ல எனக்குத் தெளிவா கேக்கண்டாமா?
அண்ணைக்கு மாதிரி ஆக்காத, என்ன.'

அப்போ தெரிந்திருக்கிறது.

பேசினார்கள்.
ரோட்டின் நடுவில்,
எந்த மாநிலம் என்று சொல்ல முடியாத ஓரிடத்தில்
கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.
அவளுடைய அம்மையை இழுத்த இடத்தில்
குழாய் கரகரத்தது.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
ஒயரை முறுக்கிக் கொடுத்தேன்.
அந்த வசவு
பிசிறில்லாமல் இரண்டு மாநிலத்துக்கும் கேட்டது.
என் கை இப்போதும் நாறுகிறது.

இன்று புதன்.
ஸ்டேஷனில் புது மனு ஒன்று கிடக்கிறது.
பேசப்போகும் விஷயம் என்ற கோட்டில்
'பதில்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.
ஏட்டு இன்னும் முத்திரை குத்தவில்லை.
பெட்டியைத் துடைத்து வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.
தவணை பத்து.