நாற்பத்தோராவது கிலோமீட்டர்

எங்கே அறுந்தது என்று ஒளியை அனுப்பிக் கேட்டார்கள்.
முட்டித் திரும்பி வந்து அது சொன்னது:
நாற்பத்தொன்று கிலோமீட்டர்.
போன செவ்வாய் இரவு
ஏதோ ஒரு மீன்பிடிக் கப்பல்
நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போன இடம்.

ஃபாரோவின் தென்கோடி சூரோய் தீவில்
ஐந்து நாளாய் ரொட்டி கடனுக்குத்தான்.
மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள்
படகேறிப் போகின்றன, ஆடுகளோடு.

பழுதுபார்க்கும் கப்பலில், ஜன்னலில்லா அறையில்
ரன்வா தாரை உரிக்கிறாள், இரும்பை உரிக்கிறாள்,
கடைசியில் முடியளவு கண்ணாடி.
உள்ளே ஒரு கண்ணாடி, சுற்றிலும் இன்னொன்று;
இரண்டுக்கும் அடர்த்தியில் அற்ப வித்தியாசம்.
அது போதும்.
சாய்வாய் வந்து தப்பப் பார்க்கும் ஒளி
விளிம்பில் பட்டு உள்ளேயே திரும்புகிறது,
மறுபடி, மறுபடி.
அடைபட்டதால்தான் கடலைக் கடக்கிறது.

கப்பல் சாய்கிறது. மூச்சைப் பிடிக்கிறாள்.
இரு முனை, ஒரு பொறி.
இழப்பு: பூஜ்யம் புள்ளி மூன்று.
"அதிகம்." வெட்டுகிறாள்.

மூன்றாவது ஒட்டு நின்றது.
அதில் போவது கண்ணுக்கு எட்டாத நிறம்;
அவளுக்கும் தெரியாது.

ரேடியோவில் கரையிலிருந்து ஹோக்னி:
"வந்துவிட்டது! முதல் செய்தி எனக்கு,
வங்கியிலிருந்து. தாமதக் கட்டணம்."

சிரித்துக்கொண்டே
கண்ணாடித் துணுக்குகள் ஒட்டிய டேப்பை
யார் விரலிலும் ஏறாதபடி
உள்பக்கமாக மடிக்கிறாள்.