ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

எங்கள் கம்பெனியில் மூன்றாவது லைனில்
ஒரே வாரத்தில் பதினோரு பேருக்குக் காய்ச்சல்.
"அந்தச் சீக்கு" என்கிறார் சூப்பர்வைசர்,
பேரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

நான் செக்கிங்.
ஓட்டையை முன்கூட்டிப் பார்த்து
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டத்தான் சம்பளம்.
பயப்படுவதற்கு யாரும் தருவதில்லை.

சனிக்கிழமைக் கூலியில்
சோப்பு நான்கு, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் எட்டு,
ஒரு தெர்மாமீட்டர்,
அரிசி, வழக்கத்தைவிட ரெண்டு கிலோ கூட.
"ஆளாளுக்கு மூட்டையாத் தூக்கறாங்க,
உங்களுக்கு இது போதுமுங்களா?"
"மத்தவீகளும் திங்கோணுமில்லீங்."

அனுப்பர்பாளையத்தில் எங்கள் லைன் வீடு:
ஆறு கதவு, ஒரு குழாய், ரெண்டு கக்கூஸ்.
ஒதுங்கி இருங்கள் என்று
மைக் கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டே போகிறது.
பீரோவைத் திருப்பிப் போட்டோம்.
அதன் முதுகுக்குப் பின்னால்
ஒரு பாய் அகலத்துக்கு அறை ஒன்று பிறந்தது.
ஜன்னல் அந்தப் பக்கம். நல்லதாய்ப் போயிற்று.

டம்ளர்களுக்கு நெயில் பாலிஷில் புள்ளி வைத்தோம்.
காலண்டர் அட்டையின் பின்னால் நம்பர்கள்:
நர்ஸ் அருக்காணி, ஆட்டோ சென்னியப்பன்,
கடைசி வீட்டு ஒடிசாப் பையன்கள் நாலு பேர்,
ஊரில் இருக்கும் அவர்கள் அம்மாக்கள்.
பேச்சு முடிந்தது: யார் படுத்தாலும்
கஞ்சி எங்கள் அடுப்பில்,
தண்ணி பிடிப்பது அவர்கள்.

எல்லாம் எழுதி முடித்த ராத்திரி
சின்னவள் இனியா கேட்டாள்:
"உனக்கு வந்துட்டா எனக்கு யாரு சடை பின்னுவா?"

அது பட்டியலில் இல்லை.

அவள் அப்பா ஒன்றும் பேசவில்லை.
கட்டிங் வேஸ்ட்டில் மூன்று கீற்றுக் கிழித்து
கதவுக் கொண்டியில் முடிந்து
பழக ஆரம்பித்தார்,
சாயப்பட்டறையில் நகக்கண் நீலமாகிப்போன விரல்களால்.
நாலு ராத்திரி ஆனது.

ஞாயிறு ஒத்திகை.
சீட்டுக் குலுக்கியதில் நோயாளி நான்.
நோயாளி பேசக் கூடாது. இனியா போட்ட விதி.
பீரோவுக்கு அந்தப்புறம்
பெரியவன் விசில் எண்ணுகிறான்,
ஒன்றை விட்டுவிட்டான்.
நான் சொல்லவில்லை.
கஞ்சியை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு
இருபது எண்ணிக் கை கழுவுகிறாள் அவள்,
பன்னிரண்டுக்கு அப்புறம் பதினாலு.
"ஆட்டாதே சாமி" என்று அவர் குரல்.
சீப்பு கீழே விழுகிறது.
குழாயடியில் யாரோ ஒடியாவில் சிரிக்கிறார்கள்.

தூங்கிப்போனேன்.
பகலில் நான் கடைசியாகத் தூங்கியது
இவள் பிறந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

எழுந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது.
பீரோ ஓரத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது,
சடை இடது காதுப்பக்கம் கோணிக்கொண்டு,
ஆனால் அவிழாமல்.

"சரியாயிருச்சாம்மா?"

"இன்னும் இல்ல கண்ணு.
இன்னுஞ் சித்த நேரம்."