கூட்டக் குறிப்பு

மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, நகர மன்றம்.
ஒஹையோவில் வெளியே பனி சேறாகிக்கொண்டிருந்தது.
ஆளுக்கு மூன்று நிமிடம்:
பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு.
பேசுவதைத் தட்டச்சு செய்வது என் வேலை.
கருத்து எனக்கு இருக்கக் கூடாது.

விவகாரம் இதுதான்.
ஹேசல் தெரு நாற்பத்தொன்றில்
ஆயிரத்து நூறு சதுர அடியில் ஒரு வீடு இருந்தது.
காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் இடித்துவிட்டார்கள்.
இப்போது அங்கே ஏழாயிரத்து நானூறு.
நான்கு கார் நிற்கும் கராஜ், ஆறு தூண்,
தபால்காரரையும் அண்ணாந்து பார்க்க வைக்கும் வாசல்.
இனி இப்படிக் கட்ட விடலாமா?

முதலில் லோர்னா டில்லட்சன், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர்.
'அந்தத் தூண்களைத் தட்டிப் பாருங்கள்.
உள்ளே காற்று. எதையும் தாங்கவில்லை.
கூரைமேல் கூரையாக எட்டுக் கூரை,
ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும்
பேச்சுவார்த்தையே இல்லை.'
(சிரிப்பு) என்று குறித்தேன்.

அடுத்து, பக்கத்து வீட்டு ஹார்லன் பீச்சி.
தன் கொல்லைப்புறத்தைக் காகிதத்தில் வரைந்து
நிழல் நகர்ந்த இடங்களை
மணிக்கு மணி பென்சிலால் கோடிட்டு வந்திருந்தார்.
'மூன்றரைக்கே எனக்கு அந்தி' என்றார்.
அதற்குமேல் வரவில்லை.
விளக்கு இன்னும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

யாரோ ரசனை என்றார்கள். யாரோ சொத்துரிமை.
பள்ளிக்கூடத்துக்கு வரிப்பணம் வருமே என்றார் ஒருவர்;
அந்தப் பள்ளியின் ஆசிரியை எந்த ஊரில் குடியிருக்கிறாள்
என்று கேட்டார் இன்னொருவர்.
'நம்மைப் போன்றவர்கள்' என்று தொடங்கிய ஒரு பெண்மணி
பாதியில் விழுங்கிக்கொண்டார்.
விழுங்கியதை எப்படித் தட்டச்சு செய்வது?

கடைசியில் வீட்டுக்காரர் எழுந்தார்,
ரஸ் கோவால்ச்சிக்.
சாக்கடை அடைப்பெடுக்கும் கம்பெனி, பதினான்கு வண்டி.
மைக்கைத் தொடாமலே பேசினார்.
'மிஸஸ் டில்லட்சன், உங்கள் குழாய்க்குள்
மேப்பிள் வேர் புகுந்த ராத்திரி யார் வந்தது?
நான்தான்.
பின்வாசல் வழியாக வரச் சொன்னீர்கள். தப்பில்லை, பூட்ஸில் அழுக்கு.
இருபத்திரண்டு வருஷம் இந்த ஊருக்குள்
பின்வாசல் வழியாகவே வந்து போனேன்.
எனக்கு ஒரு முன்வாசல் வேண்டியிருந்தது.
கொஞ்சம் பெரிதாகிவிட்டது.'

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.
என் மனசு அவர் பக்கம் சாய்ந்தது.
சாய்ந்தபடியே வெகுநேரம் நிற்கவில்லை.

இடித்த அந்த வீட்டை எனக்குத் தெரியும்.
விலைக்கு வந்த வாரம்
வங்கிக் கடிதத்தோடு போய்ப் பார்த்தேன்.
மஞ்சள் சமையலறை, இரண்டு படுக்கையறை,
இடுப்பால் தள்ளினால்தான் திறக்கும் கதவு.
என் சம்பளத்துக்கு இந்த ஊரில் எட்டிய ஒரே கதவு.
வேறொருவர் முழுப்பணமும் ரொக்கமாகத் தருகிறார் என்றார்கள்.
தந்தவருக்கு என்னைத் தெரியாது.
இன்றும் தெரியவில்லை, 'நன்றி' என்று
என் மேசையைத் தாண்டிப் போனார்.
எனக்கென்று மூன்று நிமிடம்
நிகழ்ச்சி நிரலில் இல்லை.

தீர்மானம் ஏப்ரலுக்கு ஒத்திவைப்பு.

வீட்டுக்குப் போக ஐம்பது நிமிடம்.
ஹேசல் தெரு என் வழியில் இல்லை, ஆனாலும் திரும்பினேன்.
எண்ணிப் பார்த்ததில் தெருப்பக்கம் இருபத்தாறு ஜன்னல்,
இருபத்தைந்து இருட்டு.
எரிந்த ஒன்றில் ரஸ், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்
சமையல் மேடையைச் சுற்றி நின்றபடி
அட்டைப் பெட்டியிலிருந்தே பிட்சா.
முழங்கை முழங்கையில் இடிக்க,
மஞ்சள் சமையலறையில் நிற்பதுபோல.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
தெருவின் நடுவில் நிறுத்தியிருந்தேன்.