இடப்பக்கம்

அம்பிளிபயர் பதினெட்டாயிரம்.
டொக்யார்ட் வீதி வீட்டைக் காலிசெய்த
கப்பல் எஞ்சினியர் ஒருவர் விற்றது.
எழுபத்தெட்டாம் ஆண்டு யப்பான். வெள்ளி முகம்.
குமிழைத் திருப்பினால்
விரலுக்குள் நல்லெண்ணெய் வழுக்கும்.
ஸ்பீக்கர் சோடி எட்டாயிரம்,
ஒன்றின் துணியில் பூனை நகம்.

ரம்சீன் கடையில் காட்டிய கம்பி
மூன்று மீற்றர், இருபத்திரண்டாயிரம்.
ஒட்சிசன் நீக்கிய செம்பாம்.
நீலப் பின்னல் உடுத்து
கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது.
"சுண்டங்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்"
என்றாள் லோஜினி, அவன் காதுபடவே.
அவன் கோபிக்கவில்லை.
"அக்கா, காதுக்கு விலை பேசலாமோ?"

எனக்குக் காரணம் இருந்தது.
மூன்று மாதமாய் இடப்பக்கம் மந்தம்.
வயலின் அந்தப் பக்கம் வந்தால்
ஈரச் சாக்குக்குப் பின்னால் நின்று வாசிக்கும்.
உப்புவெளியில் எங்கள் வீடு;
கடல் இருநூறு அடி.
யன்னல் கொளுவி, சைக்கிள் சங்கிலி,
சுவர் மணிக்கூட்டின் பற்றரிச் சுருள்,
எல்லாம் தின்ற உப்பு
கம்பியை மட்டும் விட்டுவைக்குமா?
கழற்றிப் பார்த்தேன். நுனியெல்லாம்
கிணற்றுப் படிபோலப் பச்சை.

வாங்க முதல் ஒன்று செய்வோமென்று
ஓரங்குலம் வெட்டி, பல்லால் தோலுரித்து,
புதுச்செம்பை முறுக்கிப் பூட்டினேன்.
மகளின் பெட்டியில் அழிறப்பர் எடுத்து
துளைகளையெல்லாம் தேய்த்தேன்.
கரகரப்பு நின்றது. உண்மையைச் சொன்னால்
அறை ஒரு முறை கழுவி விட்டதுபோல் இருந்தது.
பத்து ரூபாய் றப்பர்.

ஆனால் இடப்பக்கம் அப்படியே.

பின்னால் கம்பிகளை இடம் வலம் மாற்றினேன்.
இடப்பக்கம் மந்தம்.
பூனை பிறாண்டியதைத் தூக்கி மற்ற மூலையில் வைத்தேன்.
இடப்பக்கம்.
இறால் உரித்துக்கொண்டு பார்த்திருந்தவள்
"கதிரையைத் திருப்புங்கோ" என்றாள்.
பகிடிக்குத்தான்.
திருப்பினேன். முகத்துக்கு நேரே கலண்டர்,
பாட்டு முதுகுக்குப் பின்னால்.
யன்னலோர ஸ்பீக்கர் இப்போது வலப்பக்கம்.

மந்தம் என்னோடு திரும்பியிருந்தது.

இன்னொரு தரம் திரும்பினேன். இன்னொரு தரம்.
அவள் எழுந்து குழாயை மூடினாள்.

சீனக்குடா மாவு ஆலை, பத்தொன்பது வருடம்.
நாலாம் நம்பர் றோலர் எனக்கு இடக்கைப் பக்கம்.
தந்த பஞ்சடைப்பான் சட்டைப் பையில் கிடக்கும்,
போட்டால் போர்மன் கத்துவது கேட்காது என்று.

"அப்ப, ராத்திரியில நான் சொன்னதெல்லாம்?"
அவள் படுப்பது எனக்கு இடப்பக்கம்.
"என்ன சொன்னனீர்?"
கையில் இறால் ஓடு ஒட்டியிருந்தது.
"மாசியில ஸ்கான் ஒண்டு எடுக்கவேணும் எண்டன்.
நீங்கள் பேசாமக் கிடந்தியள்.
தனியத்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனன்.
ஒண்டுமில்லை எண்டிட்டினம், விடுங்கோ."

பாட்டு முடிந்து நாடா வெறுமையாய் ஓடியது.
அந்தச் சத்தம் எனக்கு வலப்பக்கம் மட்டும் கேட்டது.

பலன்ஸ் குமிழை இடப்பக்கம் இரண்டு கொளுவல் தள்ளினேன்.
குரல் நடுவே வந்து உட்கார்ந்தது.
குமிழ் நாற்பது வருடமாய் அங்கேதான் இருந்திருக்கிறது,
செலவில்லாமல்.
"எனக்கிப்ப சரிஞ்சு கேக்குது" என்றாள்.
என்றாலும் திருப்பச் சொல்லவில்லை.

மறுநாள் ரம்சீனிடம்
சிவப்பும் கறுப்புமான சாதாரண வயர் கேட்டேன்,
மீற்றர் நூற்றைம்பது.
முழம் போட்டு அளந்து, அரைமுழம் கூடவே வெட்டினான்.

இரவு தலையணையை எடுத்துக்கொண்டு
"இந்தப் பக்கம் வாரும்" என்றேன்.
அவள் அசையவில்லை.
"வேண்டாம். சிலதைச் சொல்ல
அந்தக் காதுதான் நல்லது."
பிறகும் ஏதோ சொன்னாள்.
வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது,
ஒரு பக்கமாய்.